பெட்டிக்குள் பெய்யும் மழை

மூணாறில் மே மாதம் மாட்டிய கருவிப் பெட்டியை ஆகஸ்டில் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பச்சை நிறம். டெர்மினல் திருகுகளைச் சுற்றிப் பூத்திருக்கும் செம்புக் களிம்பு. சர்க்யூட் போர்டின் மேல் வெள்ளைப் பொடி. அடித்தட்டில் விரற்கடைத் தண்ணீர், அதில் மிதக்கும் எறும்புகள். மூடியில் ஒட்டிய சீட்டு மட்டும் புதிதாக இருக்கும்: 'ஐ.பி. 67'. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே இருப்பதற்குக் கேடு வராது என்பது இதன் பொருள். பெட்டியோ எந்தத் தண்ணீரிலும் மூழ்கவில்லை. கம்பத்தில் ஆளுயரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையில் ஆனைமலை இருக்கிறது. ஆனால் இரண்டுமே தமிழகத்தோடு எல்லையைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த எல்லையோரக் காடுகளிலும் தோட்டங்களிலும் அணைகளிலும் சாம்பல் நிறப் பெட்டிகள் பெருகிவிட்டன. மழையை அளக்க ஒன்று, மண் நகர்கிறதா என்று பார்க்க ஒன்று, யானை வருகிறதா என்று பார்க்க இன்னொன்று. இவற்றில் எது எப்போது வேலை செய்யவேண்டும் என்று யோசித்தால் விஷயத்தின் சங்கடம் புரியும். ஆண்டில் முந்நூறு நாள் சும்மா இருந்தாலும் குற்றமில்லை. கொட்டும் மழையில், நள்ளிரவில், கரண்ட் இல்லாத வேளையில் இயங்கியாகவேண்டும். பெட்டி செத்துப்போவதும் சரியாக அந்த வேளையில்தான்.

அந்த வேளை எப்படியிருக்கும் என்பதற்கு 2020 ஆகஸ்ட் 6 இரவு சாட்சி. மூணாறை அடுத்த ராஜமலைக்கு அப்பால், பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள்மீது மலைச்சரிவு இறங்கியது. 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழர்கள், பல குடும்பங்களுக்குத் தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாறு பூர்வீகம். மின்சாரம் இல்லை, தொலைபேசித் தொடர்பு இல்லை. செய்தி வெளியே போய்ச்சேர மறுநாள் காலையாகிவிட்டது. மூணாறு சாலையில் பெரியவரைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்ததால் மீட்புப் படை வந்துசேர்வதும் தாமதமாயிற்று. எந்தக் கருவியாவது அந்த மக்களை முன்கூட்டியே எழுப்பியிருக்குமா என்று இன்று அடித்துச் சொல்வது நியாயமாகாது. ஆனால் அந்த இரவில் அங்கே ஏதாவது ஒரு கருவி எதைத் தாங்கவேண்டியிருந்திருக்கும் என்பதை மட்டும் சொல்லலாம். ஒரே நாளில் 60 சென்டிமீட்டரைத் தாண்டிய மழை.

மூணாறுக்கு இந்தக் கருவிகள் புதிதல்ல. ஊரை ஒட்டிய அந்தோணியார் காலனி 2005 ஜூலையில் நிலச்சரிவுக்கு உயிர்களைப் பறிகொடுத்த இடம். அந்தச் சரிவில்தான் அமிர்தா பல்கலைக்கழகத்தின் மனீஷா சுதீர் தலைமையிலான குழு கம்பியில்லா சென்சார்களைக் கொண்ட நிலச்சரிவு எச்சரிக்கை அமைப்பை நிறுவியது. இந்தியாவில் இது முன்னோடி முயற்சி. ஆழ்துளைகளுக்குள் குழாய்களை இறக்கி, மண்ணிடுக்கில் ஊறும் நீரின் அழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டர்களையும், குழாய் வளைவதையும் சாய்வதையும் அளக்கும் கருவிகளையும் அவற்றில் பொருத்தினார்கள். சுமார் 50 சென்சார்கள், 20 கம்பியில்லா முனைகள். தகவல் மலையிலிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கொல்லம் மாவட்டத்து அமிர்தபுரிக்குப் போனது. 2009 ஜூலையின் கனமழையில் இந்த அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. பிறகு சிக்கிமின் சாந்த்மாரியிலும் இதே குழு இதே மாதிரியான அமைப்பை நிறுவியது.

கம்பியில்லா அமைப்பு என்ற பெயரைக் கேட்டு ஏமாறவேண்டாம். கம்பியில்லாதது காற்றில் போகும் கடைசிக் கட்டம் மட்டும். அதற்கு முன் ஒவ்வொரு பீசோமீட்டரிலிருந்தும் ஒரு கேபிள் துளையின் அடியிலிருந்து மேலேறிப் பெட்டிக்குள் நுழைகிறது. சோலார் தகட்டிலிருந்து ஒன்று, பேட்டரியிலிருந்து ஒன்று, ஆன்டெனாவுக்கு ஒன்று, இடிதாங்கிக்கும் எர்த்துக்கும் தனித்தனி. பெட்டியைச் சுற்றி எட்டுப் பத்துத் துளைகள். பெட்டி செய்த கம்பெனி கொடுத்த உத்தரவாதம் துளை போடாத பெட்டிக்குத்தான். மலையில் நின்று, டிரில்லைப் பிடித்துத் துளை போடுபவரின் கையில் அந்த உத்தரவாதம் முடிந்துவிடுகிறது.

சரி, துளைகளை ஒழுங்காக அடைத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிறகு எப்படி உள்ளே தண்ணீர்?

சுடுசாதத்தைப் போட்டு உடனே அழுத்தி மூடிய எவர்சில்வர் டிபன் பாக்ஸ், மதியம் திறக்க வராமல் அடம்பிடிப்பதைப் பார்க்காதவர் இல்லை. உள்ளே ஆவி குளிர்ந்து, காற்று சுருங்கி, மூடியை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. வெயிலில் தொங்கும் கருவிப் பெட்டியும் அதே டிபன் பாக்ஸ்தான். பாலக்காட்டுப் பக்கம், கஞ்சிக்கோடு அல்லது வாளையாரில் ஏப்ரல் மாத மதியம் நிழலிலேயே 40 டிகிரியை நெருங்கும். சில ஆண்டுகளில் தாண்டும். வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் 55 டிகிரி ஆவது சாதாரணம். மாலையில் திடீரென்று கோடைமழை. பத்து நிமிடத்தில் பெட்டி 25 டிகிரிக்கு இறங்குகிறது. உள்ளேயிருக்கும் காற்று முழுதாக அடைபட்டிருந்தால் அதன் அழுத்தம் பதினொன்றில் ஒரு பங்கு குறையும். அது சுமார் 90 சென்டிமீட்டர் உயரமுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமம். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஆழத்தில் பெட்டியை அமுக்கி வைத்தது போன்றதுதான், கம்பத்தை விட்டு இறங்காமலேயே.

ஐ.பி. 67 சோதனையும் அந்த ஒரு மீட்டர்தானே என்று கேட்கலாம். இங்கேதான் ஒரு நுணுக்கம். அந்தச் சோதனையில் தண்ணீருக்கும் பெட்டிக்கும் இடையே வெப்ப வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அதாவது பெட்டி மூச்சிழுக்காத நிலையில், புத்தம்புது ரப்பர் கேஸ்கெட்டோடு, அரை மணி நேரம். சூடான பெட்டிமேல் குளிர்ந்த மழை, அதுவும் ஆண்டுக்கு நூறு தடவை, கேஸ்கெட் வெயிலில் இறுகிப்போன மூன்றாம் ஆண்டில் என்று யாரும் சோதிப்பதில்லை. சோதனையில் பொய் எதுவும் இல்லை. அது கேட்ட கேள்வி வேறு, மலை கேட்கும் கேள்வி வேறு.

மழை பெய்யும்போது கேஸ்கெட்டின் விளிம்பிலும் கேபிள் நுழையும் இடத்திலும் நீர்ப்படலம் தேங்கியிருக்கும். அந்தச் சமயம் பார்த்துப் பெட்டி உள்ளே இழுத்தால், காற்று நுழையமுடியாத இடுக்கில் தண்ணீர் நுழையும். மறுநாள் வெயிலில் பெட்டி மூச்சை வெளியே விடும்போது காற்றுதான் வெளியேறுகிறது, தண்ணீர் அடியில் தங்கிவிடுகிறது. மாலையில் மறுபடி ஒரு மூச்சு. ஒருவழிப் பம்பு மாதிரி. 'நன்றாக அடைத்த' பெட்டிகள் சுமாராக அடைத்தவற்றைவிட அதிகமாகத் தண்ணீரைத் தேக்கிவைத்திருப்பதன் ரகசியம் இதுதான். உள்ளே போனது வெளியே வர அங்கே வழியில்லை.

பாலக்காட்டுப் பெட்டியின் நோய் இது. மூணாறுப் பெட்டியின் நோய் வேறு. அங்கே வெயில் கொளுத்துவதில்லை. ஆனால் ஜூன் முதல் மூன்று நான்கு மாதம் காற்றே ஈரத்துணி. 20 டிகிரியில் ஈரத்தால் நிறைந்த காற்றில் கன மீட்டருக்கு 17 கிராம் நீர் இருக்கும். பத்து லிட்டர் பெட்டியை அப்படிப்பட்ட நாளில் திறந்து மூடினால் மூன்று நான்கு சொட்டுத் தண்ணீரையும் சேர்த்து மூடியதாகக் கணக்கு. இரவில் பத்து டிகிரிக்கு இறங்கினால் அதில் பாதி எங்காவது படியும். ஓரிரு சொட்டுத்தானே என்று அலட்சியம் செய்யத் தோன்றும். ஆனால் சர்க்யூட் போர்டில் இரண்டு செம்புக் கோடுகளுக்கு நடுவேயுள்ள இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இராது. அந்த இடைவெளியில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்து, பற்றவைத்தபோது மிச்சமான ரசாயனமும் தூசியும் அதில் கரைந்து, மேலே மின் அழுத்தமும் இருந்தால், நேர்மின் கோட்டிலிருந்து உலோகம் கரைந்து எதிர்மின் கோட்டில் படிந்து, அங்கிருந்து நேர்மின் கோட்டை நோக்கிச் செடிபோல வளர ஆரம்பிக்கும். இரண்டும் தொட்டதும் ஷார்ட். சில சமயம் அந்தச் செடி எரிந்துபோய், கருவி மறுபடி உயிர்பெற்று, பரிசோதிக்க வருபவரின் முன்னால் ஒழுங்காக வேலை செய்யும். இந்த மாதிரிக் கோளாறைவிட ஒரேயடியாகச் செத்துப்போவதே மேல்.

கேபிளுக்கு வருவோம். இதில் பாட்டி வைத்தியம் போன்ற விஷயங்கள்தான் அதிகம், செலவும் குறைவு. ஓட்டு வீட்டின் தாழ்வாரத்துக்குக் கீழே கட்டிய கொடிக்கயிற்றில் மழைநீர் எப்படி வழிந்து தாழ்ந்த இடத்தில் சொட்டும் என்று பார்த்தவருக்குப் பாதிப் பாடம் தெரியும். கேபிள் மேலிருந்து நேராகப் பெட்டிக்கு இறங்கினால் நீர் அதைப் பிடித்துக்கொண்டே பெட்டிக்குள் போகும். அதனால் கேபிளைப் பெட்டியின் வாயைவிடக் கீழே இறக்கி, ஒரு வளைவு கொடுத்து, பிறகு அடிப்பக்கமாக மேலேற்றி நுழைக்கவேண்டும். தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். வீட்டு மின்சார மீட்டருக்கு வரும் சர்வீஸ் ஒயரில் லைன்மேன் விடும் அதே வளைவு. கோடிக்கணக்கில் செலவாகும் திட்டங்களில்கூட இந்த வளைவைக் காணாத பெட்டிகள் உண்டு. அழகாக இருக்கட்டும் என்று ஒயரை இழுத்துக் கட்டிவிடுகிறார்கள்.

மேல்பக்கத்தில் துளை கூடவே கூடாது. பக்கவாட்டுத் துளை வேறு வழியில்லாதபோது. ஒரு கிளாண்டுக்கு ஒரே கேபிள். ஒரே கிளாண்டில் இரண்டு ஒயரைத் திணித்தால் அவற்றுக்கு நடுவே முக்கோண இடுக்கு ஒன்று மிஞ்சும். எவ்வளவு இறுக்கினாலும் அது மூடாது. தட்டையான ஒயருக்கும் இதே கதி. இந்த இடுக்கை அடைக்க சிலிகான் பசையைப் பிதுக்குவது நம் ஊர்ப் பழக்கம். கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிகானில் காடி வாடை அடிக்கும். காயும்போது அது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி செம்பைத் தின்னும். தண்ணீரைத் தடுக்கப் போய்க் களிம்பை அழைத்துவந்த கதை. வாடை இல்லாத 'நியூட்ரல்' வகை சற்று விலை கூடுதல், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் தந்திரமான வழி கேபிளின் வயிற்றுக்குள் இருக்கிறது. பல மெல்லிய கம்பிகளை முறுக்கிய ஒயர் விளக்குத் திரியைப் போன்றது. அதன் ஒரு முனை ஈரத்தில் இருந்தால், கம்பிகளுக்கு நடுவேயுள்ள நுண்ணிய வழியில் நீர் ஏறிக்கொண்டே போகும். பெட்டி மூச்சிழுக்கும்போது அந்த ஓட்டம் இன்னும் வேகமாகும். மேலே உறை முழுசாக இருக்கும், கிளாண்ட் இறுக்கமாக இருக்கும், ஆனாலும் போர்டின் டெர்மினலில் நீர் சொட்டும். துளையடியில் எங்கோ எலி கடித்த ஒரு கீறல் போதும். பழைய தபால் தந்தி இலாகா இந்தத் தொல்லையை நன்றாக அறிந்திருந்தது. காகிதம் சுற்றிய தொலைபேசிக் கேபிள்களுக்குள் எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பிரஸர் வைத்து உலர்ந்த காற்றை அழுத்தியே வைத்திருப்பார்கள். ஓட்டை விழுந்தாலும் காற்று வெளியே வருமே தவிர நீர் உள்ளே போகாது. பிறகு வந்த ஜெல்லி கேபிள் அந்த இடைவெளிகளையே பசையால் நிரப்பிவிட்டது. தெருவில் கேபிள் ஒட்டும் ஊழியரின் கையெல்லாம் பிசுபிசுப்பாக இருந்ததன் காரணம் அதுதான். மலையில் சென்சாருக்கும் இதே வைத்தியம்: நீர் தடுக்கும் கேபிள், இல்லையென்றால் பெட்டிக்குச் சற்று முன்னால் ஒவ்வொரு இழையையும் தனித்தனியே பிரித்து ரெசினில் புதைத்த ஒரு ஜாயின்ட்.

மண்ணுக்கடியில் குழாய் போட்டுக் கேபிளை இழுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. குழாய் என்பது புகைபோக்கி. அடியிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று அதன் வழியே ஏறி, குளிர்ந்த பெட்டியில் படியும். குழாயின் வாயைப் பெட்டிக்கு வெளியே மெழுகு மாதிரியான பசையால் அடைக்கவேண்டும். அடைப்பதற்கு மறந்த குழாய் வழியாக எறும்பும் பல்லியும்கூட வந்துசேரும்.

கேபிளை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி சில இடங்களில் அரசியலும் ஆகும். இடுக்கியில் இருக்கும், தமிழகத்தின் பொறுப்பிலுள்ள முல்லைப் பெரியாறு அணைக்கு 2000-ம் ஆண்டில் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது; காட்டு வழியாகச் சென்ற கம்பியில் ஒரு யானை அடிபட்டு இறந்ததுதான் காரணம். பிறகு இருபது ஆண்டுகள் ஜெனரேட்டர்தான். 2021 ஜனவரியில்தான் வல்லக்கடவிலிருந்து புலிகள் காப்பகத்துக்குள் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் மண்ணுக்கடியில் கேபிள் பதித்து மின்சாரம் வந்தது. யானைக்கு இது நல்லது. கேபிளுக்குப் புதுச் சோதனை. பாலிஎத்திலீன் உறைக்குள் ஈரமும் மின்புலமும் சேர்ந்தால் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கிளைவிட்டு வளரும் நுண்ணிய பாதைகளுக்கு எஞ்சினியர்கள் 'நீர் மரம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காடு.

எல்லையின் வடக்கே யானைக்கு வேறு ஆபத்து. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே மங்களூர்-சென்னை எக்ஸ்பிரஸ் மோதி மூன்று யானைகள் இறந்தன, ஒன்று கருவுற்றிருந்தது. மதுக்கரைக்கும் வாளையாருக்கும் நடுவே இரண்டு ரயில் பாதைகளும் காட்டை ஊடுருவிப் போகின்றன. 2024 பிப்ரவரியில் தமிழக வனத்துறை மதுக்கரைப் பகுதியில் 12 கோபுரங்களில் 24 கேமராக்களைப் பொருத்தியது. கேமரா யானையைக் கண்டால் கட்டுப்பாட்டு அறைக்கும் ரயில்வேக்கும் தகவல் போகும். சுமார் 7 கிலோமீட்டருக்கு 7 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. பாலக்காட்டுக் கணவாயின் காற்று மழையைக் கிடைமட்டமாக அடிக்கும் இடம் அது. மேலிருந்து வரும் மழைக்கென்று அமைத்த கூரைத்தகடு அங்கே பாதிதான் பயன்படும். கேமராவின் கண்ணாடி உட்புறம் பனித்தால் போதும், செயற்கை மூளைக்கு யானையும் பாறையும் ஒன்றாகிவிடும்.

இதே மலையின் நடுவில் வால்பாறையில் எளிமையான ஏற்பாடு ஒன்று நடக்கிறது. யானை எதிர்ப்படுவது தெரியாமல் நடந்து போவதால்தான் அங்கே பெரும்பாலான உயிரிழப்புகள் என்று கண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமாரும் குழுவினரும், 2011 முதல் உயரமான இடங்களில் சிவப்பு எல்.இ.டி. விளக்குகளை நட்டார்கள். யானை அருகில் இருந்தால் செல்போன் மூலம் விளக்கை எரியவிடலாம். விளக்கு எரிந்தால் தொழிலாளர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. 2015-ல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது. இந்த விளக்கில் ஒரு பெரிய நன்மை, அது கெட்டுப்போனால் ஊருக்கே தெரியும். நிலச்சரிவு சென்சார் கெட்டுப்போனால் மௌனமாக இருக்கும். ஆபத்து எதுவும் இல்லாதபோதும் அது மௌனமாகத்தான் இருக்கும். அதனால்தான் உருப்படியாக வடிவமைத்த கருவி தன் பெட்டிக்குள் இருக்கும் ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் சேர்த்து அனுப்பும். சில ரூபாய் சில்லு அது. பெட்டிக்குள் ஈரப்பதம் வாரா வாரம் ஏறிக்கொண்டே போனால் மழைக்காலத்துக்கு முன்பே ஆளை அனுப்பலாம்.

ஈரத்தை உறிஞ்ச சிலிக்கா ஜெல் இருக்கிறதே? உப்பு ஜாடியில் நாலு அரிசியைப் போட்டு வைப்பதன் உறவினர் அது. தெரு ஓரத்து டிரான்ஸ்ஃபார்மரில் தொங்கும் கண்ணாடிக் குடுவையில் நீல மணிகளைப் பார்த்திருக்கலாம். எண்ணெய் சூடாகிக் குளிரும்போது டிரான்ஸ்ஃபார்மர் இழுக்கும் மூச்சு அந்த மணிகள் வழியாகத்தான் போகவேண்டும். நீலம் இளஞ்சிவப்பானால் மணி நிரம்பிவிட்டது என்று பொருள். தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை நீரைப் பிடித்து வைக்கும். கருவிப் பெட்டியில் போடும் சின்னப் பொட்டலமோ ஓட்டையுள்ள பெட்டியில் சில வாரத்தில் நிரம்பிவிடும். நிரம்பியது சும்மா கிடந்தாலும் பரவாயில்லை; வெயிலில் பெட்டி சூடானால் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். சூடாக்கினால் மீண்டும் பயன்படும் என்று சிலர் வாணலியில் போட்டு வறுக்கிறார்கள். நீல நிறத்துக்குக் காரணமான கோபால்ட் குளோரைடு உடம்புக்கு ஆகாது. அந்த வாணலியில் பிறகு கடுகு தாளிக்காமல் இருப்பது நல்லது. இப்போது ஆரஞ்சு நிற மணிகள் கிடைக்கின்றன.

மூச்சை அடக்க முடியாது என்றால் மூச்சுவிட ஒழுங்கான மூக்கு வைப்பதுதான் வழி. 1969-ல் அமெரிக்காவின் பாப் கோர் டெஃப்லானைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது கிடைத்த நுண்துளைப் படலம் மலையேறிகளின் மழைக்கோட்டாகப் பிரபலமானது. அதே படலத்தை வைத்த ஒரு சின்னத் திருகு இன்று பெட்டியின் அடியில் பொருத்தக் கிடைக்கிறது. காற்று போய்வரும், நீர்த்துளி போகாது. பெட்டிக்குள் வெற்றிடம் உண்டாகாததால் கேஸ்கெட்டின் இடுக்கில் தண்ணீரை இழுக்கும் வேலையும் நின்றுவிடுகிறது. ஆனால் ஆவியும் போய்வரும் என்பதை மறந்துவிடக்கூடாது. மூணாறு மழையில் வெளியே நூறு சதவீத ஈரப்பதம் என்றால் கொஞ்ச நேரத்தில் உள்ளேயும் அதுதான். அங்கே காப்பாற்றுவது கொஞ்சம் சூடு. உள்ளே வெளியைவிட ஐந்து டிகிரி அதிகமாக இருந்தால் நூறு சதவீத ஈரப்பதம் எழுபத்தைந்தாகிவிடும். எங்கும் நீர் படியாது. மின்வாரியத்தின் பெரிய பெட்டிகளுக்குள் ஹீட்டர் வைப்பது இதற்குத்தான்.

மலையில் நிற்கும் கருவிக்கு அந்த ஹீட்டர் எங்கிருந்து வரும்? அது சோலார் தகட்டை நம்பியிருக்கிறது. ஜூலையில் இரண்டு வாரம் சூரியன் தலைகாட்டாது. பேட்டரியில் உள்ள ஒவ்வொரு துளியையும் தகவல் அனுப்புவதற்கே சேமிக்கவேண்டும். ஈரம் அதிகமாக இருக்கும்போது மின்சாரம் குறைவாக இருக்கிறது. எச்சரிக்கை அதிகம் தேவைப்படும்போது இரண்டுமே உச்சத்தில் நிற்கின்றன. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. போர்டுக்கு மெல்லிய பாதுகாப்புப் பூச்சு கொடுத்து, டெர்மினல்களைப் பெட்டியின் அடியிலிருந்து நான்கு விரல் உயர்த்தி வைத்து, மிகத் தாழ்ந்த மூலையில் கொசுவலை கட்டிய ஒரு சிறு வடிகால் துளையும் போட்டு, 'தண்ணீர் வரத்தான் வரும், வந்தால் போகட்டும்' என்ற முடிவோடு வடிவமைப்பவர்கள் இருக்கிறார்கள். டெண்டர் படிவத்தில் இந்த மாதிரிப் பெட்டி தேறாது. துளையுள்ள பெட்டிக்கு ஐ.பி. 67 யார் கொடுப்பார்கள்?

டெண்டர் என்றதும் இன்னொன்று. இந்தத் திட்டங்களில் காசு சென்சாரிலும் சாஃப்ட்வேரிலும் திறப்பு விழாவிலும் போகிறது. சில பத்து ரூபாய் கிளாண்டும் சிலிக்கா பொட்டலமும் 'இதர செலவு'. மூன்று ஆண்டு திட்டம் முடிந்ததும், ஆய்வறிக்கை வந்ததும், பெட்டியைத் திறந்து பார்க்க யாருக்கும் சம்பளம் இல்லை. சாவி யாரிடம் என்பதே சில இடங்களில் ஆராய்ச்சிக்குரிய விஷயம். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு அழிப்பதற்கு முன்தினம், கல்பெட்டாவின் ஹியூம் மையம் உள்ளூரில் பரவலாக அளந்த மழைக் கணக்கை வைத்து அபாயத்தை எடுத்துச் சொன்னது. மழை அளக்க ஒரு புனலும் ஒரு அளவுக் குடுவையும் தினமும் காலையில் வெளியே வந்து பார்க்கும் ஒரு ஆளும் போதும். கேஸ்கெட் வேண்டாம், ஹீட்டர் வேண்டாம். ஆனால் இரவு பதினோரு மணிக்கு, மண்ணுக்கு அடியில் பதினைந்து மீட்டரில் நீரின் அழுத்தம் ஏறுவதைப் புனல் சொல்லாது. அதற்குப் பெட்டிதான் வேண்டும், அந்தப் பெட்டி உலர்ந்திருக்கவும் வேண்டும்.

மலையில் அனுபவப்பட்ட டெக்னீஷியன்கள் பெட்டிகளைப் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ, காலைப் பனி விலகிய பிறகு, வெயில் காயும் மதியத்தில் திறந்து மூடுகிறார்கள். உள்ளே அடைபடும் காற்று உலர்ந்ததாக இருக்கவேண்டுமே. கேஸ்கெட்டில் விரலை ஓட்டி, பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுகிறார்கள். மூடியின் நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குகிறார்கள். போகும்போது கேபிளின் வளைவைக் கையால் ஒருமுறை கீழே இழுத்துவிடுகிறார்கள். பெட்டியின் உள்பக்கத்தில் பென்சிலால் தேதியும் எழுதி வைப்பதுண்டு. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாள் ஜூன் 1.